ஏரி மீனும் சேரிக் கையும்

ஏரி மீன் ஏலம் வருகிற வாரத்தில் என் கவுண்டருக்கு டி.டி. எடுக்க வருகிறவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். வெள்ளை வேட்டி, கூட நாலு பேர், கட்டுக்கட்டாகப் பணம். பத்து வருசமாகச் சலானில் முத்திரை குத்துகிறேன். அந்தச் சலானைச் சேரிக்காரர் ஒருவர்கூட நீட்டி நான் பார்த்ததில்லை, இருளர் நீட்டியதேயில்லை. தண்ணீர் வற்றியதும் சேற்றில் இறங்கி வலை இழுக்கிறவர்கள் மட்டும் இவர்கள்தான். கூலிக்கு.

இந்தப் பக்கத்தில் மீனுக்கு என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். 1927 மார்ச் 20இல் மகத் குளத்தில் பாபாசாகேப் அள்ளியது தண்ணீரை. அந்தத் தண்ணீருக்குள் ஓடுவது யாருடையது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. 1997 ஜூன் 30இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடனிருந்த ஐந்து பேரையும் வெட்டிய ஆத்திரத்துக்குள், பதவியோடு பொதுச்சொத்தின் ஏலமும் கைமாறிவிடும் என்ற பயமும் இருந்தது.

ஸ்ரீபெரும்புதூர் ஏரி நிரம்பினால் செம்பரம்பாக்கத்துக்குப் போகும். அங்கே மிஞ்சியது அடையாறு. புதுத்தண்ணி வந்தால் மீன் எதிரேறும். கலங்கலில் பறி வைத்து, கால்வாயில் கை தடவிப் பிடித்த மீனில்தான் எங்க வூட்டுச் சட்டி கொதித்தது. சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் மிதந்தால் அடியில் விரால் காவல் நிக்கும். அதுமேல கைய வைக்காத என்பாள் ஆயா. குத்தகைக்காரனுக்கோ விரால் எதிரி. அவன் விட்ட கட்லா, ரோகுக் குஞ்சுகளை அது தின்றுவிடுமாம்.

1990களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டைக்குக் கார்த் தொழிற்சாலை வந்தது. பிறகு ஒரகடம், வல்லம், பிள்ளைப்பாக்கம் என்று சிப்காட் நீண்டது. மதில் எழுந்த இடத்தில் வரத்துக் கால்வாய் எங்கே என்று கேட்டால் வரைபடத்தில் இருக்கிறது என்கிறார்கள். மீனுக்கு வரைபடம் படிக்கத் தெரியாது.

இப்போது கருத்தரங்குகளில் ‘இணைந்து மேலாண்மை’ என்கிறார்கள். ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு 2014இல் ஏற்ற சிறுமீனவர் வழிகாட்டு நெறிகள் ஆறு, ஏரி மீனவர்களுக்கும் சேர்த்துத்தான். பிரேசிலில் மாமிராவா பகுதி மீனவர்கள் 1999லிருந்து பிராருக்கு என்ற பெரிய மீனை, அது மூச்சு வாங்க மேலே வரும்போது எண்ணுகிறார்கள். வளர்ந்த மீனில் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் பிடிப்பதில்லை. அழியப் போன மீன் திரும்பியது. நம் விராலும் மூச்சுக்கு மேலே வருகிற மீன்தான். எண்ணத் தெரிந்த கண்கள் இங்கேயும் இருக்கின்றன. அந்தக் கண்களைக் கூலி வாங்கத்தான் கூப்பிடுகிறார்கள்.

ஆனால் ‘இணைந்து’ என்றால் யாரோடு யார்? நம் ஊர்களில் ‘ஊர்மக்கள்’ என்று எழுதினால் சேரி அதில் சேராது. சங்கம் வைத்தால் தலைவர் அதே வெள்ளை வேட்டி. மத்தியப் பிரதேசத்தில் தவா அணைக்கு ஊரைக் கொடுத்த ஆதிவாசிகள் போராடி, 1996இல் நீர்த்தேக்க மீன் உரிமையை வாங்கினார்கள். தங்கள் கூட்டுறவு மூலம் பத்து வருசம் தாங்களே நடத்தினார்கள். மீன் முட்டையிடும் மழைக்காலத்தில் வலையை நிறுத்தினார்கள். 2006இல் புலிகள் காப்பகத்தைக் காட்டி உரிமையைப் புதுப்பிக்காமல் விட்டார்கள். குத்தகையாகக் கொடுத்ததைப் பிடுங்க ஒரு காகிதம் போதும். அதனால்தான் சட்ட உரிமையாகக் கேட்கிறோம்.

திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2016 ஜனவரி 26இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பொதுச்சொத்தைச் சமமாகப் பயன்படுத்த விடாமல் நம்மைத் தடுப்பது குற்றம் என்கிறது. ஏலத்தில் யாரும் வாய்விட்டுத் தடுப்பதில்லை. டெபாசிட் தொகையே தடுத்துவிடுகிறது. மீன் பிடிக்கிற சேரிக்கும் இருளருக்கும் ஏலமில்லாமல் மீன் உரிமை வேண்டும். கால்வாயை அடைக்கும்போது அவர்களைக் கேட்டாக வேண்டும்.

மாணவத் தோழர்களே, அடுத்த ஏல நோட்டீஸ் சேரியிலும் இருளர் குடியிருப்பிலும் ஒட்டப்பட்டதா என்று போய்ப் பாருங்கள். ஒட்டாவிட்டால் ஊர், தேதியோடு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுகிறோம்.