இயற்கை என்றால் பக்கவிளைவே கிடையாதா?



"முழுக்க முழுக்க மூலிகை, பக்கவிளைவே இல்லை." டிவி, பேருந்து நிலையச் சுவர், வாட்ஸ்அப் என்று எங்கே பார்த்தாலும் இந்த வாசகம்தான். வீட்டில் இருக்கும் பாட்டி முதல் ஜிம்முக்குப் போகும் நம் வகுப்பு நண்பர்கள் வரை இதை நம்புகிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. செடிகளில் மருந்து இருக்கிறது என்பது உண்மை. மருந்து என்றால் அது உடம்பில் ஏதோ ஒரு வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். வேலை செய்யும் பொருள் அளவு மீறினால் கெடுதலும் செய்யும். இரண்டையும் பிரிக்க முடியாது.

முதலில் ஒரு அடிப்படைக் கேள்வி. செடி இந்த வேதிப்பொருட்களை யாருக்காகத் தயாரிக்கிறது? நமக்காக இல்லைங்க! செடியால் ஓட முடியாது, கடிக்கவும் முடியாது. பூச்சியும் ஆடு மாடும் தின்றுவிடாமல் இருக்க அதற்கு இருக்கும் ஆயுதம் இதுதான். புகையிலையின் நிகோடினும் காப்பியின் கஃபீனும் இந்த வகைதான். அவை நமக்குப் பயன்படுவது நம் அதிர்ஷ்டம், அவ்வளவே.

நம் மாநில மலரான செங்காந்தளையே எடுத்துக்கொள்வோம். கொங்குப் பகுதியில் கண்வலிக்கிழங்கு என்று பயிரிட்டு, விதையை மருந்துக்காக ஏற்றுமதி செய்கிறார்கள். அதில் உள்ள கோல்ச்சிசின், கவுட் என்னும் மூட்டுவலிக்கு அருமையான மருந்து. மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம் அளவுதான்! அதே செடியின் கிழங்கை வேறு கிழங்கு என்று நினைத்துத் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். காரணம் ஒன்றே. கோல்ச்சிசின் செல்லின் உள்கட்டமைப்பைப் பிடித்து நிறுத்துகிறது. கொஞ்சமாக இருந்தால் வீக்கம் குறைகிறது. அதிகமானால் உடம்பு முழுக்க செல்கள் பிரிவதே நின்றுபோகிறது.

"அது விஷச்செடி, நாங்கள் சாப்பிடுவது மஞ்சள்தானே?" என்று கேட்பீர்கள். குழம்பில் போடும் மஞ்சளால் பயமில்லை. மஞ்சளில் உள்ள குர்குமினை நம் குடல் சரியாக உறிஞ்சுவதில்லை, உறிஞ்சியதையும் கல்லீரல் சீக்கிரமே வெளியேற்றிவிடும். மிளகில் உள்ள பைப்பரினைச் சேர்த்தால் மனிதர்களின் இரத்தத்தில் குர்குமின் அளவு 20 மடங்கு ஏறுகிறது என்று 1998-ல் பெங்களூரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். உடனே மஞ்சள், மிளகு சேர்த்த கேப்சூல்கள் கடைக்கு வந்துவிட்டன. ஆனால் கல்லீரல் அதை வேகமாக வெளியேற்றுவதே நமக்கு ஒரு பாதுகாப்பு அல்லவா? 2022-ல் அமெரிக்க மருத்துவர்கள், மஞ்சள் சத்து மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி எழுதினார்கள். அதில் ஒருவர் இறந்துபோனார். இன்னொன்று, பைப்பரின் குர்குமினோடு நிற்பதில்லை. வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் பெனிட்டாயின் போன்ற மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் ஏற்றிவிடும்.

உணவில் நல்லது, மாத்திரையிலும் நல்லதாகத்தான் இருக்கும் என்ற கணக்கும் தப்பு. கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின் இதற்கு நல்ல உதாரணம். காய்கறி, பழம் நிறைய சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று தெரிந்ததும், பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்துப் பெரிய சோதனை நடந்தது. பீட்டா கரோட்டின் பெற்றவர்கள் தினமும் 20 மில்லிகிராம் விழுங்கினார்கள். 1994-ல் முடிவு வந்தது. புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது! சோதித்துப் பார்த்ததால்தான் இது தெரிந்தது. வெறும் நம்பிக்கையோடு விட்டிருந்தால்?

"இங்கிலீஷ் மருந்தில் மட்டும் பக்கவிளைவு இல்லையா?" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். நிறையவே இருக்கிறது. ஆனால் அந்த மருந்தோடு வரும் தாளில் அது எழுதியிருக்கும், எத்தனை மில்லிகிராம் என்றும் எழுதியிருக்கும். நான் செடிகளுக்கு எதிரி இல்லை. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிறிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முக்கியமான மருந்து. ஆனால் அதைப் பிரித்தெடுத்து, அளந்து, ஊசியில் ஏற்றுகிறார்கள். இலையை மென்று தின்னச் சொல்லவில்லை. செடிக்கு நாம் தரும் உண்மையான மரியாதை அதை அளந்து பார்ப்பதுதான் என்பது என் கருத்து.

எனவே அடுத்த முறை யாராவது "இயற்கைதானே" என்று ஒரு டப்பாவை நீட்டினால் மூன்று கேள்வி கேளுங்கள். இதில் என்ன இருக்கிறது? எவ்வளவு இருக்கிறது? ஏற்கனவே சாப்பிடும் மருந்தோடு சேருமா? பதில் இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முக்கியமாக, வீட்டுப் பெரியவர்களை டாக்டரிடம் கூட்டிப்போகும்போது பிரஷர், சுகர் மாத்திரைகளோடு அந்தச் சூரண டப்பாவையும் கஷாய பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். "இதெல்லாம் மருந்தா, இதை ஏன் சொல்லணும்?" என்பார்கள். மருந்து என்று நம்பித்தானே சாப்பிடுகிறார்கள், அப்படியானால் சொல்லித்தான் ஆக வேண்டும்!