கருவி சொன்ன எண்ணும் நாங்கள் கேட்கத் தவறிய கேள்வியும்

2021 மே மாதம். தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு நடைமுறையில் இருந்தது. திருத்தணியை அடுத்த அம்மையார்குப்பத்திலிருந்து எங்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. கொரோனா தொற்றுடன் வீட்டுத் தனிமையில் இருந்த நெசவாளர் ஒருவரின் மருமகள் பேசினார். "மாமாவுக்கு ஆக்சிஜன் 98 காட்டுதுங்க டாக்டர்" என்றார். 94க்குக் குறையாதிருந்தால் வீட்டிலேயே கவனிக்கலாம் என்பது அன்றைய நெறிமுறை. நாங்களும் நிம்மதியடைந்து, "நல்லது, அப்படியே தொடருங்கள்" என்று சொல்லிவிட்டோம்.

மறுநாள் அவர் கடும் மூச்சுத் திணறலுடன் கொண்டுவரப்பட்டார். முதல் நாள் எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டபோதுதான் உண்மை விளங்கியது. மருமகள் கட்டிலுக்கு எதிரே நின்று பல்ஸ் ஆக்சிமீட்டரைப் படித்திருக்கிறார். திரையில் இருந்தது 86. அந்த எண்ணைத் தலைகீழாகப் பார்த்தால் 98. பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் இழந்த அந்த ஒரு நாள் இன்றும் எங்கள் மனத்தை உறுத்துகிறது.

"கிராமத்து மக்களுக்குக் கருவியைக் கையாளத் தெரிவதில்லை" என்று அந்நாட்களில் பலர் சொன்னார்கள். இதை நாங்கள் ஏற்கவில்லை. அம்மையார்குப்பம் நெசவாளர்கள் நிறைந்த ஊர். நாள் முழுதும் தறியோடு வாழ்பவர்களுக்கு இயந்திரம் புதிதன்று. தவறு எங்களுடையது. நாங்கள் எண்ணை மட்டும் கேட்டோம். "கருவியை எந்தப் பக்கம் பிடித்திருக்கிறீர்கள்? அவரால் ஒரு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் பேசி முடிக்க முடிகிறதா?" என்று கேட்கவில்லை.

அந்தச் சிறு கருவிக்கும் வரம்புகள் உண்டு. அது விரலுக்குள் ஒளியைச் செலுத்தி, இரத்தம் உறிஞ்சும் அளவைக் கொண்டு ஆக்சிஜனைக் கணக்கிடுகிறது. சாயக்கறை, மருதாணி, நகப்பூச்சு, குளிர்ந்த விரல் ஆகியவை கணக்கைப் பிழையாக்கலாம். ஆக்சிஜன் அளவுக்கு அருகிலேயே நாடித்துடிப்பும் எண்ணாகத் தெரிவதால் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடுவதும் உண்டு. கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதும் உண்மையில் ஆக்சிஜன் 88க்குக் கீழே இருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதி என்று 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. கருநிறத் தோலுடைய நம் மக்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

ஆக்சிஜன் செறிவூட்டியின் கதையும் இதுவே. காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது. செறிவூட்டி அதிலுள்ள நைட்ரஜனைப் பிரித்து, ஆக்சிஜனை 90 சதவீதத்துக்கு மேல் தருகிறது. சிலிண்டரைப்போல் அது எதையும் சேமித்து வைப்பதில்லை. மின்சாரம் நின்றால் ஆக்சிஜனும் நிற்கும். மின்னழுத்தம் குறைந்தாலும் கருவி தடுமாறும். தறி ஓடும் அறையில் வைத்தால் பஞ்சுத் தூசி வடிகட்டியை அடைக்கும். கருவி வாங்கச் சொல்லிச் சீட்டு எழுதியபோது, அந்த வீட்டில் தறி எங்கே இருக்கிறது, மின்சாரம் எத்தனை முறை தடைப்படுகிறது என்று நாங்கள் விசாரித்ததில்லை.

பெருந்தொற்றின் கடுமை தணிந்துவிட்டது. ஆயினும் நாட்பட்ட நுரையீரல் நோயாளிகளின் வீடுகளில் செறிவூட்டி, நெபுலைசர், ஆக்சிமீட்டர் ஆகியவை இன்றும் இயங்குகின்றன. எனவே எங்கள் கருத்து இது: கருவியுடன் வீடு திரும்பும் நோயாளிக்கு ஆங்கிலக் கையேடு மட்டும் போதாது. வீட்டில் அதை இயக்கப்போகிறவர் எங்கள் முன்னால் ஒருமுறை இயக்கிக் காட்ட வேண்டும். விளக்கம் தமிழிலும், எல்லைப்புறக் குடும்பங்களுக்குத் தேவையெனில் தெலுங்கிலும் இருக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் நாங்களே அழைத்து விசாரிக்க வேண்டும். இவை சலுகைகள் அல்ல, சிகிச்சையின் பகுதிகள்.

உங்களிடமும் சில வேண்டுகோள்கள். ஆக்சிமீட்டரை நோயாளியின் பக்கத்தில் நின்று, எழுத்துகள் நேராகத் தெரியும்படி படியுங்கள். விரலைத் துடைத்து, கையை அசைக்காமல் வைத்து, எண் நிலைக்கும்வரை காத்திருங்கள். செறிவூட்டியின் வெளிவடிகட்டியை வாரம் ஒருமுறையேனும் கழுவி, நன்கு உலர்த்திப் பொருத்துங்கள். அடுப்பும் பீடியும் அதன் அருகே வரக் கூடாது. இடைவிடாமல் ஆக்சிஜன் தேவைப்படுவோர் வீட்டில் ஒரு சிலிண்டர் தயாராக இருக்கட்டும். எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், எண்ணை நம்பாமல் உடனே புறப்பட்டு வாருங்கள்.

"எங்கள் வீட்டில் கரண்ட் நிற்காதுங்க", "இதை எனக்குப் படிக்கத் தெரியவில்லை" என்று சொல்வதற்குத் தயங்க வேண்டா. அந்தச் செய்தி எங்களுக்கு வேண்டும். அன்று அந்த மருமகளிடம் நாங்கள் கேட்டுப் பெறத் தவறியதும் அதுவே.