கோப்பு அங்கேதான் இருக்கும் என்று யார் சொன்னது?

மென்பொருள் எழுதுகிறவருக்குத் தன் பொட்டிதான் உலகம். அவர் கணினியில் படக்கோப்புகள் /யுஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர் என்ற அடைவில் இருக்கும். நிரலிலும் அந்தப் பாதையை அப்படியே அடித்துவிடுவார். அவருக்கு ஓடுகிறது, பக்கத்து அறை நண்பருக்கும் ஓடுகிறது. பிறகு அதை டெபியனுக்கோ ஃபெடோராவுக்கோ பொதியாக்கித் தர ஒரு தன்னார்வலர் வருகிறார் பாருங்கள், அவருக்குத்தான் சனி பிடிக்கிறது.

டெபியன் விதிப்படி எந்தப் பொதியும் லோக்கல் அடைவுக்குள் கோப்பு வைக்கக் கூடாது. அது கணினி நிர்வாகியின் சொந்த இடம். ஆகவே படங்கள் /யுஎஸ்ஆர்/ஷேர் அடைவுக்குப் போய்விடும். நிரலோ இன்னும் பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். நூலகக் கோப்புகள் கதை இன்னும் மோசம். 64 பிட் நூலகங்களை ஃபெடோரா லிப்64 அடைவில் வைக்கும். டெபியன் லிப் அடைவுக்குள் கணினி வகையின் பெயரில் தனி அடைவே போட்டு வைக்கும். நிக்ஸ்ஓஎஸ் பக்கம் போனால் யுஎஸ்ஆர் பின் அடைவில் 'என்வ்' தவிர வேறு ஒன்றும் இருக்காது :-) எது எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லும் தரநிலை 1994-லேயே வந்துவிட்டது, 2015-ல் அதன் 3.0 பதிப்பும் வந்தது. இருந்தும் ஊருக்கு ஊர் முகவரி வேறுதான்.

வணிகவியல் மாணவர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. எக்செல்லில் வரி விகிதத்தை ஒரே செல்லில் வைத்து மற்றதெல்லாம் அதைப் பார்க்கும்படி செய்யாமல், வரிக்கு வரி 12 சதவீதம் என்று கையால் அடித்தவர்கள், 2025 செப்டம்பரில் அந்த அடுக்கில் இருந்த பெரும்பாலான பொருள்கள் 5 சதவீதத்துக்கு மாறியபோது என்ன செய்திருப்பார்கள்? அதேதான் இங்கேயும்.

சரி, பொதியாளர் என்ன செய்வார்? பெரும்பாலும் 'செட்' கட்டளையில் ஒரு வரி. பழைய பாதையைக் கண்ட இடமெல்லாம் புதிய பாதையைப் போடு. இரண்டு நிமிட வேலை, பொதி தயார். இந்தப் பழக்கத்தைத்தான் விட்டொழிக்க வேண்டும். தேடிய சொல் கோப்பில் இல்லையென்றாலும் செட் வாயே திறக்காது, வெற்றி என்றே சொல்லிவிட்டுப் போகும். அடுத்த பதிப்பில் மூல ஆசிரியர் அந்த வரியைக் கொஞ்சம் மாற்றி எழுதியிருப்பார். செட் எதையும் மாற்றியிருக்காது, பொதியும் பிழையில்லாமல் உருவாகும், பயனாளி வீட்டில் போய் உடையும். அதே திருத்தத்தை ஒரு பேட்ச் கோப்பாக வைத்திருந்தால், வரி பொருந்தாதபோது அது அங்கேயே கத்தி வேலையை நிறுத்தும். நிக்ஸ் பொதியாளர்கள் இதில் பட்டுத் திருந்தியவர்கள். மாற்ற வேண்டிய சொல் கிடைக்காவிட்டால் பொதியாக்கமே தோற்கும்படியான கட்டளையைத்தான் 2024 முதல் பயன்படுத்தச் சொல்கிறார்கள்.

பேட்சும் பாதி மருந்துதான். அதை மூல ஆசிரியருக்கு அனுப்பாமல் தன்னிடமே வைத்துக்கொண்டால், பத்து வழங்கல்களில் பத்துப் பேர் அதே பல்லை அதே இடத்தில் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள்.

'பாதையே எழுதாதே, எல்லாவற்றையும் ஓடும்போது தேடிக்கொள்' என்று ஒரு கட்சி உண்டு. அதுவும் சரியில்லை. பைத்தான் நிரலின் முதல் வரியில் என்வ் போட்டுவிட்டால் எங்கும் ஓடும் என்பார்கள். ஆனால் பயனாளி தனக்கென்று வேறொரு பைத்தானை நிறுவியிருந்தால், கணினியின் சொந்தக் கருவிகளும் அதைப் பிடித்துக்கொண்டு விழும். ஃபெடோரா தன் பொதிகளில் அந்த வரியைத் தடை செய்திருப்பது அதனால்தான். பாதை இருக்கட்டும். ஆனால் ஒரே இடத்தில் இருக்கட்டும், நிரலைக் கட்டும்போது பொதியாளர் சொல்கிற பாதையாக இருக்கட்டும். கன்ஃபிகர் கட்டளையின் 'ப்ரிஃபிக்ஸ்' இதற்காகவே எத்தனையோ வருடமாக இருக்கிறது. புதியவர்கள் அதையும் 'டெஸ்ட்டிர்' என்பதையும் போட்டுக் குழப்புவார்கள். முன்னது கோப்பு கடைசியில் வாழப்போகும் வீடு. பின்னது பொதி கட்டும்வரை சாமான் இறக்கி வைக்கும் திண்ணை. திண்ணையின் முகவரியை ப்ரிஃபிக்ஸில் கொடுத்தால் அது நிரலுக்குள்ளேயே பதிந்துபோகும்.

வெறும் ஐகான் தெரியாத பிரச்சனைதானே என்று நினைக்கிறவர்கள் 2011-ல் பம்பிள்பீ திட்டத்துக்கு நடந்ததைப் படிக்கலாம். மடிக்கணினி கிராஃபிக்ஸ் கார்டுக்கான மென்பொருள் அது. அதன் நிறுவல் நிரலில் ஒரு கோப்பை அழிக்கும் கட்டளையில், கையால் அடித்த நீளமான பாதையின் நடுவே, யுஎஸ்ஆர் என்பதற்குப் பின்னால் ஒரே ஒரு இடைவெளி விழுந்துவிட்டது. ரூட் அதிகாரத்தோடு ஓடுகிற நிரல். அழிந்தது யுஎஸ்ஆர் அடைவு முழுக்க! வழங்கலின் பொதியாக வந்திருந்தால் எந்தக் கோப்பு யாருடையது என்ற கணக்கு பொதி மேலாளரிடம் இருந்திருக்கும், இப்படி ஒரு வரியை யாரும் கையால் எழுதவே தேவையிருந்திருக்காது.

ஃபெடோராவில் பொதி கட்டி முடிந்ததும், தற்காலிக அடைவின் பெயர் எந்தக் கோப்புக்குள்ளாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒரு சின்ன நிரல் தேடிப் பார்க்கும். இருந்தால் அங்கேயே நிறுத்திவிடும். முதல் தடவை பொதி கட்டுகிறவர்கள் அந்தப் பிழைச்செய்தியைப் பார்த்ததும் அந்தச் சோதனையை எப்படி அணைப்பது என்றுதான் கூகிளில் தேடுகிறார்கள்.