அடிமாட்டுக்கு யார் விலை வைப்பது?

கறவை மாடு வாங்கணும்னா தாட்கோ கடன் தருது, மானியமும் தருது. நம்ம சேரிப் பொம்பளைங்க கையெழுத்துப் போட்டு மாடு பிடிச்சுட்டு வர்றாங்க. நாலஞ்சு ஈத்து போனதும் மடி வற்றிவிடுகிறது. அப்புறம்? மேய்க்க நிலமில்லை, வைக்கோலும் காசு. அடிமாடாக விற்றால்தான் அடுத்த மாடு. துண்டுக்கு அடியில் தரகர் விரல் பிடித்துச் சொல்லும் விலைதான் நம் சேமிப்பு.

2017 மே 23 அன்று மத்திய அரசு அந்த விரலை வெட்டியது. கறிக்கு விற்க மாட்டைச் சந்தைக்கே கொண்டுவரக் கூடாது, மாநில எல்லைக்கு 25 கிலோமீட்டருக்குள் சந்தையே கூடாது என்று விதி போட்டது. பொள்ளாச்சிச் சந்தை என்ன ஆகும்? மே 30-இல் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்சநீதிமன்றம் அதை நாடு முழுக்க விரித்தது. அதே மே 30-இல்தான் சென்னை ஐஐடியில் மாட்டுக்கறி விழாவில் கலந்துகொண்ட மாணவர் தாக்கப்பட்டார். சந்தைமீது விழுந்த அடியும் தட்டின்மீது விழுந்த அடியும் ஒன்றுதான்.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2014 தேர்தல் மேடையில், காங்கிரஸ் அரசு கசாப்புக் கூடங்களுக்கு மானியம் தருகிறது என்று மோடி முழங்கினார். ஆட்சிக்கு வந்தபின் எருமைக்கறி ஏற்றுமதி நின்றதா? நிற்கவில்லை. 2023 ஜூனில் கால்நடைகளை உயிரோடு ஏற்றுமதி செய்ய வழிவிடும் மசோதா வரைவை இதே அரசுதான் வெளியிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டே வாரத்தில் சுருட்டிக்கொண்டது.

கப்பல்காரனும் வந்தால் விலை ஏறுமே என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். ஏறலாம். ஆனால் உயிரோடு கப்பலேறும் மாட்டோடு தோலும் எலும்பும் கப்பலேறும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிலில் கை வெந்து நிற்கும் நம் சனத்தின் கூலியும் சேர்ந்தே போகும். ஏறின விலையில் நம் பங்கு எவ்வளவு, தரகன் பங்கு எவ்வளவு? வரைவு எழுதியவர்கள் நம்மைக் கேட்டார்களா?

2016 ஜூலையில் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நம் பிள்ளைகளைக் கட்டிவைத்து அடித்தார்கள். சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன் செத்த மாடுகளைக் கொட்டி குஜராத் தலித்துகள் பதில் சொன்னார்கள். மாட்டு வாலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் நிலத்தைக் கொடுங்கள் என்றார்கள்.

நாமும் அதையே சொல்கிறோம். வாங்கும்போது மானியம், விற்கும்போது தடை என்பது உதவியல்ல, பொறி. வளர்த்தவளுக்கு விற்கும் உரிமை வேண்டும். கறியும் தோலும் இங்கேயே வேலையாக வேண்டும். மேய்ச்சலுக்கும் உழவுக்கும் நிலம் வேண்டும்.

மாட்டைச் சாமியாக்குகிறவன் அதுக்குத் தீனி போடட்டும். விலையை நாங்க பேசிக்கிறோம்.