வீட்டுக் கணக்கு: ஒரு டொலருக்கு ஒரு வீடு



சென்ற வருடம் தைப்பொங்கலுக்கு மறுநாள் பின்னேரம் ஸ்காபரோவிலிருந்து அக்கா அழைத்தார்.

"தங்கச்சி, புளோரிடாவிலை ஒரு வீடு வாங்கப் போறன். உன்ர பேரையும் உறுதியிலை போடப் போறன். பாஸ்போட்டைப் படம் எடுத்து அனுப்பு."

"என்ன விலை அக்கா?"

"ஒரு டொலர்."

ஒரு டொலருக்கு இன்று எங்கள் சந்தையில் இரண்டு தேங்காய் வாங்குவதே கஷ்டம். இருபத்தெட்டு வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவள் நான். விலை மலிவாக இருந்தால் கணக்கின் மற்றப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் பழக்கம். ஆனாலும் பாஸ்போட்டைத் தேடி எடுத்து மேசையில் வைத்துவிட்டேன். காரணம், அடுத்ததாக அக்கா சொன்ன விடயம்.

நாங்கள் மூன்று பிள்ளைகள். அக்கா கனடாவில், தம்பி லண்டனில், நான் அம்மாவுடன் கொக்குவிலில். மூவரும் அம்மாவோடு ஒன்றாக இருந்து சாப்பிட்டது கடைசியாக 2003ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழாவின்போது. ஏ-9 பாதை திறந்திருந்த சமாதான காலம் அது. அதன் பிறகு ஒருவர் வந்தால் மற்றவர் வர முடியவில்லை. அம்மாவுக்கு இப்போது 79 வயது. கனடாவுக்குப் பறக்க வைத்தியர் சம்மதிக்க மாட்டார். பலாலியிலிருந்து சென்னைக்கோ ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய பயணம்தான். பழனிக்குப் போக வேண்டும் என்ற நேர்த்தி அம்மாவுக்கு நெடுநாளாக இருக்கிறது. "புளோரிடா வாரத்தைக் குடுத்துக் கொடைக்கானலிலை ஒரு வாரம் எடுப்பம். எல்லாரும் ஒரே வீட்டிலை இருப்பம். அங்கையிருந்து அம்மாவைப் பழனிக்குக் கூட்டிக்கொண்டு போவம்" என்றார் அக்கா.

அக்கா வாங்க நினைத்தது முழு வீடு அல்ல. வருடத்தில் ஒரு வாரம் மட்டும் அந்த வீட்டில் தங்கும் உரிமை. இதைத்தான் ரைம்ஷெயார் என்கிறார்கள். வெளிநாட்டு உறவுகள் பலரின் வாயில் இந்தச் சொல் அடிபடுகிறது. ஆகவே நான் விசாரித்து அறிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

இது எங்களுக்கு விளங்காத சங்கதி அல்ல. எங்கள் தோட்டக் கிணறுகளை நினைத்துப் பாருங்கள். ஒரு கிணற்றுக்கு நான்கைந்து பங்காளர். ஒவ்வொருவருக்கும் இறைக்கும் நாள் முறை வைத்திருப்பார்கள். காணி உறுதியில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் பாத்தியதையும் எழுதப்பட்டிருக்கும். கிணறு தூர்வார எல்லோரும் பங்குக் காசு கொடுக்க வேண்டும். இந்த மாதிரி ஐம்பதுக்கு மேற்பட்ட பங்காளர் ஒரு வீட்டை வாரம் வாரமாக ஆளுவதுதான் ரைம்ஷெயார். வருடாந்தப் பராமரிப்புக் கட்டணம்தான் தூர்வாரும் காசு.

சுவிற்சர்லாந்தில் 1963இல் தொடங்கிய ஹாப்பிமாக் இந்த முறையின் முன்னோடிகளில் ஒன்று. ஒரே இடத்துக்கே வருடா வருடம் போனால் சலிக்கும் அல்லவா? அதற்காக 1974இல் அமெரிக்காவின் இன்டியானாபொலிஸ் நகரில் ஜோன் டிஹான், கிறிஸ்டல் டிஹான் தம்பதியர் ஆர்.சி.ஐ. என்ற வாரம் மாற்றும் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1976இல் மியாமியில் இன்டர்வல் இன்டர்நெஷனல் தொடங்கியது. இந்தியாவில் 1986இல் சென்னையில் ஸ்ரேர்லிங், 1996இல் மகிந்திரா ஹொலிடேஸ் என்று இந்த வியாபாரம் வளர்ந்தது. உங்கள் வாரத்தை மாற்று நிறுவனத்திடம் ஒப்படைத்தால், அதன் பெறுமதிக்கு ஏற்ப வேறொருவர் ஒப்படைத்த வாரத்தை வேறு நாட்டில் எடுக்கலாம். அதற்கு வருடச் சந்தாவும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனிக் கட்டணமும் உண்டு.

இப்போது கணக்குக்கு வருவோம். நான் அக்காவிடம் நான்கு கேள்விகள் கேட்டேன்.

முதலாவது, ஏன் இவ்வளவு மலிவு? புதிதாக நிறுவனத்திடம் வாங்குபவர் பல்லாயிரம் டொலர் கொடுக்கிறார். அதில் பெரிய பங்கு விளம்பரத்துக்கும் தரகுக்கும் போய்விடுகிறது. எனவே மறுவிற்பனையில் விலை வீழ்கிறது. ஒரு டொலருக்கு ஒருவர் கொடுக்கிறார் என்றால், விற்பவர் தன் தலையிலிருக்கும் வருடக் கட்டணத்தை இறக்கி வைக்கப் பார்க்கிறார் என்று அர்த்தம். அந்த வாரத்துக்குக் கட்டணம் 980 டொலர். நாங்கள் போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும். அது கூடுமே தவிரக் குறையாது.

இரண்டாவது, எந்த வாரம்? விசாரித்தால், டேட்டோனா கடற்கரையில் வருடத்தின் 38ஆவது வாரம். அதாவது செப்டெம்பர் மாதம். அங்கே பள்ளிக்கூடம் தொடங்கிய காலம், புயலும் அடிக்கும் காலம். எவரும் அதிகம் விரும்பாத வாரத்துக்கு மாற்றுச் சந்தையில் பெறுமதி குறைவு. கொடைக்கானலிலோ சித்திரை, வைகாசிதான் கூட்டமான காலம். அந்தக் காலத்தை இந்த வாரத்தைக் கொண்டு பிடிப்பது சிரமம். வீடு எத்தனை அறை, விடுதியின் தரம் என்ன, எவ்வளவு முந்தி ஒப்படைக்கிறோம் என்பவற்றையும் வைத்தே மாற்றுப் பெறுமதி வருகிறது.

மூன்றாவது, பழைய பாக்கி உண்டா? "அதெல்லாம் இல்லை எண்டு விக்கிறவர் சொல்லுறார்" என்றார் அக்கா. நாங்கள் காணி வாங்கும்போது விற்பவரின் வாய்ச்சொல்லை நம்புகிறோமா? காணிப் பதிவகத்தில் தேடி, ஈடு இருக்கிறதா என்று பார்த்துத்தானே நொத்தாரிசிடம் போகிறோம். விடுதி நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்கும்படி சொன்னேன். பத்து நாளில் பதில் வந்தது. இரண்டு வருடக் கட்டணம், 1,960 டொலர், நிலுவை. ஒரு டொலர் வீட்டின் உண்மை விலை அன்றுதான் தெரிந்தது.

நான்காவது, விட்டு விலகுவது எப்படி? பல உறுதிகளுக்கு முடிவுத் திகதி இல்லை. ஸ்பெயினில் 1998ஆம் ஆண்டுச் சட்டம் இந்த உரிமைக்கு 50 வருட எல்லை வைத்தது. முடிவில்லாத ஒப்பந்தம் ஒன்று செல்லாது என்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் 2015இல் தீர்த்தது. எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. பெயர் இருக்கும்வரை கட்டணமும் இருக்கும்.

இந்த நான்காவது கேள்விதான் என்னைப் பாஸ்போட்டை மீண்டும் அலுமாரிக்குள் வைக்கச் செய்தது. என் ஓய்வூதியம் ரூபாவில். கட்டணம் டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டியதை நாங்கள் பால்மா வரிசையில் நின்று பார்த்தவர்கள். அக்காவுக்கு ஏதும் நடந்தால் அந்தக் கட்டணத்துக்கு என்னைத்தான் கேட்பார்கள். எனக்குப் பின் என் மகளுக்கு முதுசமாகப் பிரச்சினை போகும். உறவினர் அன்பாக "உன்ர பேரையும் போடுறன்" என்றால் மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்கும் தெரியும். "பேர் வேண்டாம் அக்கா" என்று சொன்னேன். இரண்டு கிழமை அக்கா என்னோடு கதைக்கவில்லை. அந்த நாட்களில் எனக்கும் நித்திரை இல்லை.

பிறகு அவரே அழைத்தார். கனடாவில் ஒரு சட்டத்தரணியும் அதையே சொன்னாராம். அந்த வாரத்தை விட்டுவிட்டார். ஆனால் ஆசை விடவில்லை. இருவரும் இருந்து முழுக் கணக்கையும் கூட்டினோம். பராமரிப்பு, சந்தா, மாற்றுக் கட்டணம், சொந்தக்காரர் அல்லாத ஒருவர் தங்குவதற்கான விருந்தினர் சான்றிதழ், எல்லாமாக வருடம் 1,400 டொலரைத் தாண்டியது. ஏழு இரவுக்குப் பிரித்தால் இரவுக்கு 200 டொலர். ஒரே ஒரு தடவை சந்திப்பதற்கென்றால் கொடைக்கானலில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பதே புத்தி.

பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா சொன்னார்: "முறை இருந்து என்ன பிள்ளை, இறைக்க ஆள் வேணும்."

அந்த ஒரு வசனத்தில் முழு ஆலோசனையும் அடங்கிவிட்டது. வருடா வருடம் போகும் ஆட்களுக்கே இது பொருந்தும். அக்கா குடும்பம் ஒவ்வொரு மார்ச் பள்ளி விடுமுறைக்கும் புளோரிடா போய் ஹொட்டேலுக்குக் கொட்டும் காசை எழுதிப் பார்த்தோம். அந்தக் கணக்கில் பார்த்தால் ஒரு மார்ச் வாரம் அவர்களுக்குப் பொருந்தியது. இரண்டு வருடம் தாங்கள் போவது, மூன்றாம் வருடம் மாற்றுவது என்று முடிவு செய்தார்கள்.

ஏழு மாதம் தேடி, சென்ற ஆவணியில் ஒன்று வாங்கினார்கள். இரண்டு அறை, மார்ச் வாரம், விலை 2,800 டொலர். விற்ற முதிய தம்பதியர் அதை முதலில் 17,000 டொலருக்கு வாங்கியவர்களாம். இம்முறை விடுதியிடமிருந்து பாக்கி இல்லை என்ற கடிதம் முதலில் வந்தது. பதிவகத்தில் உறுதி தேடப்பட்டது. காசு விற்றவரின் கைக்கு நேரே போகவில்லை. நடுநிலையான ஒரு கணக்கில் இருந்து, உறுதி பதிவான பிறகே போனது. மாற்று நிறுவனத்தில் மறுவிற்பனை வாரத்தை ஏற்பார்களா என்றும் முன்கூட்டியே கேட்டார்கள். இது முக்கியம். உதாரணமாக, டிஸ்னி நிறுவனம் 2019 ஜனவரி 19இற்குப் பின் மறுவிற்பனையில் வாங்குவோர் தன் புதிய விடுதிகளுக்குப் போக முடியாதென்று கட்டுப்பாடு வைத்தது.

ஒரு விடயம் எனக்குச் சிரிப்பைத் தந்தது. அந்த விலைக்குத் தாங்களே வாங்கிக்கொள்ள விடுதிக்கு முதல் உரிமை உண்டாம். அதற்காக ஒரு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. "இதென்ன புதுச் சட்டம்" என்றார் அத்தான். புதிதல்ல, எங்கள் தேசவழமையில் பங்காளருக்குள்ள முன்கொள்வனவு உரிமைதான். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அதைப் பற்றியதே. விடுதி வேண்டாம் என்றது. உறுதியில் அக்காவின் பெயரும் அத்தானின் பெயரும் மட்டும்.

ஏமாற்று வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தம்பியின் நண்பர் ஒருவருக்கு லண்டனில் ஒரு அழைப்பு வந்தது. "உங்கள் வாரத்துக்கு ஆள் இருக்கிறது, பதிவுச் செலவை மட்டும் முன்கூட்டிக் கட்டுங்கள்" என்றார்கள். கட்டிய பின் அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. பிரித்தானியாவில் 2011 பெப்ரவரியிலிருந்து, விற்பனை முடியுமுன் இப்படிக் காசு வாங்குவது சட்டப்படி தடை. அது தெரிந்திருந்தால் அவர் தப்பியிருப்பார். மெக்சிக்கோவில் போதைப்பொருள் கும்பலோடு தொடர்புடைய ரைம்ஷெயார் மோசடிக்காரர்கள்மீது 2023இல் அமெரிக்கா தடை விதித்தது. அவ்வளவு பெரிய தொழிலாக இது மாறியிருக்கிறது.

இலவசச் சாப்பாடு தந்து, பரிசு தந்து, அன்றே கையெழுத்துக் கேட்கும் கூட்டங்களும் உண்டு. அப்படி நிறுவனத்திடம் வாங்கியவர் மனம் மாறினால் ஒன்ராறியோவில் 10 நாட்களுக்குள், பிரித்தானியாவில் 14 நாட்களுக்குள் ஒப்பந்தத்தை இரத்துச் செய்யலாம். தனியாள் ஒருவரிடம் வாங்கும்போது இந்தப் பாதுகாப்பை நம்பியிருக்கக் கூடாது. பார்க்க வேண்டியதை வாங்குமுன்பே பார்க்க வேண்டும்.

சகோதரிகளே, வெளிநாட்டு உறவு உங்களிடம் பெயரோ, பாஸ்போட் படமோ, சேமிப்போ கேட்டால் சண்டை பிடிக்காதீர்கள். இந்த நான்கு கேள்விகளையும் அன்பாகக் கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். நான் அன்று "வேண்டாம்" என்றதை அக்கா இப்போது தன் சிநேகிதிகளுக்கு எடுத்துச் சொல்கிறாராம்.

முதல் மார்ச் வாரத்தை அக்கா தான் போகாமல் மாற்றுக்குக் கொடுத்தார். வைகாசிக்குக் கேட்டோம், கிடைக்கவில்லை. சென்ற மாதம் கடிதம் வந்தது. வருகிற ஆவணியில் ஒரு வாரம், கொடைக்கானலில் இரண்டு அறை. அம்மாவின் பெயரிலும் என் பெயரிலும் விருந்தினர் சான்றிதழ். தம்பி லீவுக்கு எழுதிவிட்டான். இந்திய விசாவுக்குப் படம் எடுக்க நேற்று அம்மாவைக் கூட்டிப் போனேன். கொடைக்கானலில் குளிராம் என்று கேள்விப்பட்ட நாள் முதல், அக்கா அனுப்பிய கம்பளிச் சட்டையை அம்மா இரண்டு தடவை வெயிலில் காய வைத்துவிட்டார்.

அடுத்த இதழில் வேறொரு கணக்கோடு சந்திப்போம்.