பச்சை ஒளி தரும் உப்பும் உயிரணுவின் வாயிலும்

திருவிழாத் தேர்ப்பவனியின் முடிவில் வானில் விரியும் பச்சைப் பூவைக் கண்டு களிக்காத குழந்தை உண்டோ? அந்நிறம் பேரியம் என்னும் உலோகத்தின் உப்பினால் வருவது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் பேரியம் நைட்ரேட்டைப் 'பச்சை உப்பு' என்பர். நிறத்திற்கு மட்டுமன்று, மருந்து எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தரவும் அது பயன்பட்டது. 2018ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பட்டாசுகளில் பேரிய உப்புகளைத் தடைசெய்தது. 2021இலும் 2023இலும் அத்தடையை உறுதிப்படுத்தியது. இவ்வுப்பின்றிப் பல வகைகளைச் செய்ய இயலாது என உற்பத்தியாளர்கள் முறையிட்டனர். வழக்கில் பெரிதும் பேசப்பட்டது நகரங்களின் காற்று. உப்பை அள்ளிச் சலிப்பவரின் உடலுக்குள் அது சென்றால் என்ன நேரும் என்பதை இத்திங்கள் காண்போம்.

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவையும் மெல்லிய கொழுப்புச் சவ்வு ஒன்று சூழ்ந்துள்ளது. பீடத்தில் இட்ட சாம்பிராணியின் மணம் கடைசி வரிசைவரை தானே பரவுவதுபோல, ஆக்சிஜன் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்குச் சவ்வினூடே எளிதாகப் பரவிவிடும். உப்புகளால் அது முடியாது. எண்ணெயில் உப்புக் கரையாது என்பதை விருதுநகர்த் தாய்மாருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை! ஆகவே உப்புகள் கடப்பதற்கெனப் புரதங்களாலான வாயில்கள் சவ்வில் அமைந்துள்ளன.

அவற்றுள் ஒன்று இறைப்பான். ஆற்றலைச் செலவிட்டு, ஒவ்வொரு முறையும் மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே கொணர்வது. 1957இல் டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ இதனைக் கண்டறிந்து, 1997இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இதன் உழைப்பால் உயிரணுவுக்குள் பொட்டாசியம், வெளியே உள்ளதைப்போல் ஏறத்தாழ 30 மடங்கு சேர்ந்திருக்கும். மற்றொன்று, பொட்டாசியம் மட்டும் மெல்லக் கசிந்து வெளியேறும் குறுகிய வழி. இவ்விரண்டின் சமநிலையில்தான் தசையும் இதயமும் இயங்குகின்றன.

பேரிய அயனி அளவில் பொட்டாசியத்தை ஒத்தது. மின்னேற்றமோ இரு மடங்கு. ஆதலின் அக்குறுகிய வழியில் நுழைந்து, கடக்க மாட்டாமல் அடைத்துக்கொள்கிறது. இறைப்பானோ நிற்பதில்லை, பொட்டாசியத்தை உள்ளே சேர்த்தவண்ணம் இருக்கிறது. வெளியேற வழியில்லை. இரத்தத்தில் பொட்டாசியம் தாழ்கிறது. முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு, வாயைச் சுற்றி மரத்துப்போதல், பின்னர்க் கைகால்கள் துவளும், இதயத்துடிப்புத் தடுமாறும், மூச்சுத் தசைகளும் தளர்ந்தால் உயிருக்கே இடர். சீனத்தின் செச்சுவான் பகுதியில் முன்பு மக்களை முடக்கிய வாதநோய் ஒன்றிற்கு, சமையல் உப்பில் கலந்திருந்த பேரியமே காரணம் என்று 1940களில் விளங்கிற்று.

"மருத்துவமனையில் வயிற்றை எக்ஸ்ரே எடுக்குமுன் பேரியம்தானே குடிக்கக் கொடுக்கிறார்கள்?" என்று சிலர் வினவக்கூடும். அது பேரியம் சல்பேட். நீரில் கரையாதது, குடலில் உறிஞ்சப்படாமல் மலத்தோடு வெளியேறிவிடும். கரையும் உப்பே நஞ்சு. காயமற்ற தோல் அதனைப் பெரும்பாலும் தடுத்துவிடும். வாயும் மூச்சும் தீப்புண்ணும்தான் அதற்கு வழிவிடுவன. பொடி படிந்த கையோடு சோற்றுத் தூக்கைத் திறப்பதும், வேலைத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைப்பதும் ஆகாது என நாம் வற்புறுத்துவது இதனாலேயே. தடை வந்துவிட்டதே என்று இதில் அசட்டை வேண்டா.

பட்டாசு வேலையில் இருப்பவருக்கு வாந்தியோடு கைகால் தளர்ச்சியும் தோன்றினால், வாதம் என்றெண்ணி எண்ணெய் தேய்த்துக் காத்திராதீர்கள். உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசென்று, எந்த உப்பில் வேலை செய்தார் என்பதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். இதயத்துடிப்பைக் கண்காணித்தபடியே நரம்பின் வழியாகப் பொட்டாசியம் செலுத்துவர். விழுங்கியது அண்மையில் என்றால், குடலிலுள்ள பேரியத்தைக் கரையாத சல்பேட்டாக மாற்றும் மருந்தும் தருவதுண்டு. உடலைவிட்டுப் பேரியம் வெளியேறும் வரையில் மூச்சுக்குத் துணைசெய்வதும் உண்டு. தளர்ந்த கைகால்கள் பெரும்பாலும் சில நாட்களில் மீண்டும் வலுப்பெறும்.