புகை விடுக்கும் வழி

இந்தியாவில் புகைபிடிக்கும் பெரியவர்கள் 2009-10இல் நூற்றுக்கு 14 பேர். 2016-17இல் ஏறத்தாழ 11 பேர். இக்குறைவுக்குச் சட்டமும் துணைநின்றது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைபிடித்தல் தடைசெய்யப்பட்டது. 2016இல் எச்சரிக்கைப் படம் சிகரெட் பெட்டியின் 85 விழுக்காட்டை நிறைத்தது. அதைக் கண்டு, சிகரெட் பிடிப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் அப்பழக்கத்தை விட எண்ணியதாக நடுவண் அரசின் ஆய்வு கூறுகிறது.

ஆயினும், எண்ணியவர் எல்லாரும் விட்டவரல்லர். நிக்கோட்டினுக்கு மூளை அடிமைப்படுவதால் மனவுறுதி மட்டும் போதாது. எனவே, பள்ளிப்பட்டின் தறிக்கூடமாயினும் தேநீர்க் கடையாயினும், விட முயன்று தோற்றவரை இகழலாகாது. 1800-11-2356 என்னும் கட்டணமில்லா உதவி எண்ணை அவருக்கு எடுத்துரைப்போம். அச்சம் எண்ணத்தைத் தூண்டலாம். அதனைச் செயலாக்க உடனிருப்போரின் துணை வேண்டும்.